ஆறாவது கூடைக்குப் பின்னால்

ஹெல்வேயிடம் ஒரு விஷயத்தை மறைக்க வேண்டுமானால், அது நடக்காமலே இருந்திருக்க வேண்டும். தபால் வண்டி ஓட்டுகிறவள். எந்த வீட்டுப் புகைபோக்கியில் எப்போது புகை வரும், யார் வீட்டு நாய் எதற்காகக் குரைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. புறம் பேசமாட்டாள், அதையும் சொல்லியாக வேண்டும். தெரிந்துகொள்வதோடு சரி. தெரிந்துகொள்ளாவிட்டால்தான் ரொட்டி தொண்டையில் இறங்காது. கணவன் ஃபின்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னபோது, ஹெல்வே அழுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறாள் என்று மூன்று கேள்விகள் கேட்டாளாம். அழுகை அப்புறம்தான் வந்தது.

தட்டெறி ஆட்டத்துக்கு அவள் வந்து சேர்ந்ததும் அப்படித்தான். டிராக்டர் பழுதுபார்க்கும் ரைவோவுக்கு ஒரு பார்சல் வந்தது. கனமான பார்சல், குலுக்கினால் சத்தமே இல்லை. பிரித்துக் காட்டாமல் இந்த அம்மாள் நகரமாட்டாள் என்று தெரிந்து ரைவோ வாசலிலேயே பிரித்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் தட்டுகள்.

"சாப்பிடவா?" என்றாள் ஹெல்வே.

"எறியறதுக்குக்கா. பார்க்குல புதுசா கூடை நட்டிருக்கோம். வந்து பாருங்க."

போனாள். அது ஆயிற்று பதினொரு வருடம்.

ஏரிக்கரையை ஒட்டிய அந்தப் பார்க் ஒரு காலத்தில் ஜமீன் தோட்டம். மாளிகை எரிந்து போய், லிண்டன் மரங்களும் அவற்றுக்குப் பின்னால் தளிர்த்த ஸ்புரூஸ் காடும்தான் மிச்சம். மரங்களுக்கு நடுவே ஒன்பது இரும்புக் கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் சங்கிலிகள் தொங்கும், சங்கிலிக்குக் கீழே இரும்புக் கூடை. எறிமேடையிலிருந்து தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கூடையில் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சில் சேர்த்தவர் கெட்டிக்காரர். சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும் ஆட்டம். ஆனால் மரங்களுக்குப் புரியாது. அவை குறுக்கே நின்றுகொண்டே இருக்கும்.

முதல் வீச்சிலேயே தட்டு கூடைக்குள் போய்விட்டால் அதற்குப் பெயர் ஒற்றை எறி. ஆடுகிறவர்கள் கூடும் பார்க் குடிசையின் சுவரில் ஓக் மரப் பலகை ஒன்று இருக்கிறது. ஒற்றை எறி எறிந்தவர் பெயர் அதில் ஏறும். சூட்டுக்கோலால் மரத்தில் எழுத்தைச் சுட்டு எழுதுவது ஹெல்வே. பண்பாட்டு மன்றத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலையைக் கற்றவள், கைவேலை சுத்தம். ரைவோவின் பெயரை மூன்று முறை எழுதியிருக்கிறாள். மருந்துக்கடை கெர்ஸ்தியின் பெயரை எழுதியிருக்கிறாள், அதுவும் கெர்ஸ்தி கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது மரத்தில் பட்டுத் திரும்பிக் கூடையில் விழுந்ததற்கு. தன் பெயரை மட்டும் எழுதியதில்லை. எழுத வாய்க்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், ஆனால் பலகையில் யாருக்காவது பெயர் எழுதும் நாளில் வீட்டுக்குப் போய் வெடுக்வெடுக்கென்று பாத்திரம் கழுவுவாள்.

எழுதுகிறவள் என்பதால் சட்டமும் அவள்தான் போட்டாள். ஒரு கோடையில் தலைநகர் தாலினிலிருந்து வந்த பையன் ஒருவன், காலையில் தனியாக ஆடியபோது ஒற்றை எறி எறிந்ததாக வந்து நின்றான். மறுநாளும் வந்து நின்றான். மூன்றாம் நாள் ஹெல்வே சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே பாத்தவங்க ஒருத்தர் இருந்தாதான் பேரு" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தன்னைப் பற்றி ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அந்தச் சட்டம் அவள் தலையிலேயே வந்து விழுந்தது ஓர் ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை.

வீடுவீடாகப் பத்திரிகை போட்டு முடித்துவிட்டு, பார்சல் வேலை தொடங்கும் முன் ஒரு சுற்று ஆடுவது அவள் வழக்கம். ஆள் அரவமற்ற காலை. ஆறாவது கூடை மட்டும் எறிமேடையிலிருந்து தெரியாது. பாதை லிண்டன் மரங்களைச் சுற்றி இடப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகிறது. கண்ணை நம்பி எறிய முடியாது, கையை நம்பித்தான் எறிய வேண்டும். ஹெல்வே தன் பழைய ஆரஞ்சுத் தட்டை வீசினாள். அது மரங்களை ஒட்டி இடப்பக்கம் சாய்ந்து மறைந்தது. பை எடுக்கக் குனிந்தாள்.

ஜலார்.

சங்கிலிச் சத்தம். அந்தச் சத்தத்தை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஹெல்வே குனிந்தபடியே நின்றாள். பிறகு ஓடினாள். அந்த வயதில், அந்த இடுப்போடு, வேர்கள் முட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாதையில் ஓடக் கூடாதுதான். ஓடினாள். ஆரஞ்சுத் தட்டு கூடைக்குள் கிடந்தது.

"பாத்தீங்களா!" என்று கத்தினாள். பார்க்க யாரும் இல்லை.

சந்தோஷம் ஒரு நிமிடம் நீடித்திருக்கும். அவள் குணம் சும்மா இருக்க விடவில்லை. தட்டை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் ஈரப் பாசி ஒட்டியிருந்தது. காற்றில் வந்து நேரே சங்கிலியில் மோதிய தட்டில் பாசி எப்படி வரும்? சத்தம்கூட, யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி இல்லையா? தரையில் பட்டுத் துள்ளி உள்ளே போயிருந்தால் ஒற்றை எறிதான், கணக்கில் சேரும். ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த ஊரில் கீழே கிடக்கும் பொருளை யாரும் கிடந்தபடி விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ஒற்றைக் கையுறை கிடந்தால் வேலிக் கம்பத்தில் மாட்டிவைப்பார்கள், குழந்தையின் தொப்பி கிடந்தால் கிளையில் தொங்கவிடுவார்கள். தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று. தட்டு ஒன்று தரையில் கிடந்தால், ஆட்டம் தெரியாத நல்ல மனிதர் யாராவது என்ன செய்வார்? எடுத்து, பக்கத்தில் இருக்கும் கூடையில் போடுவார். ஜலார் என்று சத்தம் கேட்கும்.

ஹெல்வே சுற்றிப் பார்த்தாள். கூடைக்குப் பின்னால் சில அடி தள்ளி, மூன்று ஸ்புரூஸ் மரங்கள் கிளைகளைத் தரைவரை இறக்கிவிட்டு நின்றன. அதற்கு முன்னால் பாசியில் ஏதோ பச்சையாக, பாசியின் பச்சை இல்லாத பச்சையாக, கிடந்தது. பல் துலக்கும் பிரஷ். அதன் இழைகளில் ஈர மண். பிடியில் பாதி அழிந்த எழுத்து. அந்தப் பச்சைப் பிரஷ் அவள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பல் மருத்துவர் எண்டெல் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, பல்லைப் பிடுங்கிவிட்டுக் கையில் கொடுத்து அனுப்புவார்.

கிளைகளைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பாசிதான். ஓரிடத்தில் மட்டும் பாசியைக் கிள்ளி மறுபடி ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. விரலால் நீக்கினாள். கத்தியால் வெட்டிய மஞ்சள் தண்டுகள், வரிசையாக, ஈரம் காயாமல்.

சேவல் காளான். பக்கத்து மளிகைக் கடைக்குப் போகும் தூரத்தில், ஊர்ப் பார்க்கில், சேவல் காளான்! அந்த ஊரில் எல்லோரும் காடு காடாகத் தேடுவது, முளைக்கும் இடத்தை யாரும் யாரிடமும் சொல்லாதது. காளான் மண்ணைத் தட்டப் பிரஷ்ஷைச் செலவழிக்கும் அளவுக்குப் பெட்டி பெட்டியாக அதை வைத்திருந்தவர் டாக்டர் ஒருவர்தான். விடியலில் வந்து வெட்டியெடுத்து, மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி, தடத்தைப் பாசியால் மூடிவிட்டுப் போகிறார். எத்தனை வருடமாகவோ. ஹெல்வே மரியாதையோடு பாசியைப் பழையபடி மூடினாள். பிரஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை எல்லோரும் கூடும் நாள். குடிசைக்கு வெளியே கரியடுப்பில் தொத்திறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஹெல்வே தட்டையும் பாசியையும் பற்றிச் சொன்னாள். பிரஷ்ஷைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரைவோவுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா! "யாருக்கா சாட்சி? முயலா, மரங்கொத்தியா?"

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். சட்டம் போட்டது யாரு? தாலின் பையன் பாவம், அழுதுக்கிட்டே பஸ் ஏறினான்."

"விடுடா அவளை," என்றாள் கெர்ஸ்தி. "ஏன்டீ ஹெல்வே, நீ எழுதிக்க. உன்மேல யாருக்குச் சந்தேகம்?"

"எனக்கே சந்தேகம்டீ," என்றாள் ஹெல்வே. "பாவம் பாத்து எழுதுற பேரு எனக்கு வேண்டாம்."

மறுநாள் காலை டாக்டர் வீட்டுப் பத்திரிகையைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். எண்டெல் மனைவியை இழந்தவர், ஒற்றை ஆள். நாற்பது வருடமாக ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்துவிட்டு, தன் வாயை மட்டும் திறக்காத மனிதர். கதவை ஒரு சாண் திறந்தார். உள்ளேயிருந்து வெண்ணெயும் வெங்காயமும் அவற்றோடு இன்னொன்றும் வதங்கும் வாசனை வந்தது.

"பெட்டி இருக்குல்ல?" என்றார்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர். செவ்வாய்க்கிழமை காலையில பார்க்குல இருந்தீங்களா?"

"எந்தப் பார்க்?"

ஊரில் இருப்பது ஒரே ஒரு பார்க்.

"முட்டி வலி எனக்கு. வாசலைத் தாண்டி மாசமாச்சு," என்றார். அவர் காலடியில் நின்ற ரப்பர் பூட்ஸில் ஸ்புரூஸ் மரத்தின் ஈர ஊசியிலைகள் ஒட்டியிருந்தன.

"வாசனை நல்லா இருக்கே."

"வெங்காயம்."

"வெங்காயம் மட்டுமா?"

எண்டெல் கதவின் பிடியைப் பார்த்துச் சொன்னார்: "காளான். கடையில வாங்கினேன்."

ஆகஸ்ட் மாதத்தில், மழை பெய்து ஓய்ந்த வாரத்தில், கடையில் காளான் வாங்கினாராம்! அந்த ஊரில் ஒரு மனிதர் வாயிலிருந்து இதைவிடக் கேவலமான பொய் வர முடியாது. ஹெல்வேயின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. பிரஷ்ஷை எடுத்து மூக்குக்கு நேரே நீட்டினால் போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். பயந்திருந்தார். சின்ன வயதில் அவருடைய நாற்காலியில் தான் எப்படி உட்கார்ந்திருப்பாளோ, அப்படியே நின்றிருந்தார். அவளுக்குக் கை வரவில்லை.

"உங்க இடம் எனக்கு வேண்டாம் டாக்டர்," என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். என் தட்டு தானா கூடையில விழுந்துச்சா, இல்ல கீழ கிடந்ததை நீங்க எடுத்து வச்சீங்களா? பதினொரு வருஷமா எறியறேன். ஒரே ஒரு தடவ நடந்திருக்கு, நடந்துச்சான்னும் தெரியல. மரம் மறைச்சிருச்சு. என் தட்டு போன விதத்தை நானே பாக்கல."

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் எண்டெல். கதவைச் சாத்தினார். ஆனால் மெதுவாகச் சாத்தினார்.

அந்த வாரம் ஹெல்வேக்கு ஒன்றும் ஓடவில்லை. பார்சல்களை மாற்றிக் கொடுத்தாள். ஒரு சாயங்காலம் சூட்டுக்கோலைச் சூடாக்கி, சமையலறையில் ரொட்டி வெட்டும் பலகையின் பின்பக்கம் தன் பெயரைச் சுட்டுப் பார்த்தாள். இடைவெளி சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நன்றாக வந்தது. அதுதான் வேதனை.

அடுத்த புதன்கிழமை தொத்திறைச்சி பாதி வெந்திருக்கும்போது எண்டெல் வந்தார். கோட்டு போட்டிருந்தார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. ரைவோ தன்னையறியாமல் கையால் வாயைப் பொத்தினான், ஓய்வு பெறும் முன்பு அவர் கட்டச் சொன்ன பல்லை இன்னும் கட்டவில்லை.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில நான் அங்க இருந்தேன்," என்றார் எண்டெல், யாரையும் பார்க்காமல். "இந்த அம்மாவோட தட்டு தானாத்தான் கூடைக்குள்ள போச்சு. நான் தொடல. பாத்தேன். அவ்வளவுதான்."

ஹெல்வேயின் காது அடைத்துக்கொண்டது. தானாத்தான். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

"நீங்க எங்க நின்னீங்க டாக்டர்?" என்று ரைவோ கேட்டான். சாட்சி என்றால் குறுக்கு விசாரணை வேண்டுமே.

எண்டெல் வேலிக்கு அப்பால் ஏரியைப் பார்த்தார். பிறகு, சொந்தப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி, ஒரே இழுப்பில் சொன்னார்: "ஆறாவது கூடைக்குப் பின்னாடி. மூணு ஸ்புரூஸ் மரத்தடியில. அங்க சேவல் காளான் இருக்கு. என் இடம்."

ரைவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அவனைத் தொடர்ந்து எல்லோரும்.

"இடத்தைச் சொல்லிட்டாருய்யா! காளான் இடத்தை! நாங்க கேக்காமலே!"

"உண்மைதான் சொல்றேன்," என்றார் எண்டெல்.

"டாக்டர், எங்கப்பா சாகக் கிடந்தப்ப காதுகிட்ட போய்க் கேட்டேன். உன் இடம் எதுப்பா, இனிமே உனக்கு எதுக்குன்னு. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. உண்மையான இடத்தைச் சொல்ற ஆளு இந்த ஊர்ல இனிமேதான் பொறக்கணும். அந்த மரத்தடியில நான் எத்தனை தடவ தட்டு தேடியிருக்கேன், நாய்க்குடைகூடக் கிடையாது," என்றான் ரைவோ.

கெர்ஸ்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இந்த மனசு யாருக்கு வரும் டாக்டர்! ஹெல்வேக்காக இவ்வளவு பெரிய பொய்யா!"

ஹெல்வேயின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. விரல்கள் பிரஷ்ஷைப் பிடித்திருந்தன. எடுத்து மேசையில் போட்டால் சிரிப்பு அந்த நொடியே அடங்கும். ரைவோவே பலகையைச் சுவரிலிருந்து இறக்கிக் கையில் கொடுப்பான். விடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் பிரம்புக் கூடையோடு அந்த மூன்று மரத்தடியில் நிற்பார்கள். எண்டெல் அவளைப் பார்த்தார். சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அதை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அழுகிற அளவுக்கு ஆசையாக இருந்தது.

"டாக்டருக்கு எம்மேல பாசம்," என்றாள் ஹெல்வே. "போன வாரம்தான் எங்கிட்ட சொன்னாரு, காளானெல்லாம் கடையில வாங்குறேன்னு."

கடையிலா! இன்னொரு சிரிப்பலை எழுந்தது. யாரோ எண்டெலின் தோளைத் தட்டி, தொத்திறைச்சியும் கடுகு விழுதும் வைத்த தட்டு ஒன்றைக் கையில் திணித்தார்கள். அவர் அதைப் பிடித்தபடி ஹெல்வேயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடாமல் கீழே வைத்துவிட்டுப் போனார். ஹெல்வே அன்று வண்டியில் உட்கார்ந்து, கண்ணாடி துடைப்பானைத் தேவையில்லாமல் ஓடவிட்டு, நன்றாக அழுதாள்.

மறுநாள் காலை எண்டெல் தன் பத்திரிகைப் பெட்டியின் அருகே நின்றிருந்தார்.

"எம் பிரஷ் உங்கிட்டதான் இருக்கு," என்றார்.

ஹெல்வே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மண் போகக் கழுவியிருந்தாள்.

"நேத்து இதைக் காட்டியிருக்கலாமே. ஏன் காட்டல?"

"நீங்க ஏன் வந்து சொன்னீங்க?"

எண்டெல் பிரஷ்ஷின் இழைகளைக் கட்டைவிரலால் நீவினார். வேலை பார்த்த காலத்து வழக்கம் போலிருக்கிறது.

"சனிக்கிழமை விடியறப்ப வா," என்றார் கடைசியில். "பார்க்குக்கு இல்ல. ஏரிக்கு அந்தப் பக்கம். கூடை கொண்டுவா, பிரம்புக் கூடை. வண்டியை ரோட்டுல நிறுத்தாத, யாராவது பாப்பாங்க. என் பொண்டாட்டி ஸல்மேக்கு அப்புறம் அங்க நான் யாரையும் கூட்டிட்டுப் போனதில்ல."

சனிக்கிழமை விடியலில் அவர்கள் காட்டுக்குள் நடந்தார்கள். முட்டி வலி என்றவர் முன்னால் போனார், ஹெல்வேக்குத்தான் மூச்சு வாங்கியது. இடத்தை நான் சொல்லப்போவதில்லை. பாசி முழுக்க மஞ்சளாக இருந்தது என்பது வரை சொல்லலாம். ஹெல்வே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எண்டெல் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக வெட்டி, பிரஷ்ஷால் தட்டி, அவள் கூடையில் போட்டார். தன் கூடையில் போடவில்லை.

கூடை பாதி நிறைந்தபோது, தலையைத் தூக்காமலே ஆரம்பித்தார்.

"தாழ வந்துச்சு. லிண்டன் மரத்தை ஒட்டி, சத்தமே இல்லாம. நான் குனிஞ்சிருந்தேன். ஆரஞ்சா ஏதோ வருதேன்னு நிமிர்ந்தேன். கடைசி மரத்தை இம்மியில தப்பிச்சுது. அப்புறம் இடப்பக்கம் சாஞ்சு, பாசி மேடு ஒண்ணு இருக்கு பாரு, அதுல பட்டுது. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. வழுக்கிக்கிட்டே வந்து மேல எழும்புச்சு. எனக்கு நேரா வர்ற மாதிரி. பயந்து பிரஷ்ஷைக் கீழ போட்டுட்டேன். அது என்னைத் தொடல. நேரா சங்கிலிக்கு நடுவுல போச்சு. சங்கிலி ரொம்ப நேரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. நீ ஓடி வர்ற சத்தம் கேட்டுது, நான் மரத்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கமா போயிட்டேன்."

வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியிருக்கமாட்டார். ஹெல்வே பாசியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டர்," என்றாள், "இன்னொரு தடவ சொல்லுங்க."

எண்டெல் கத்தியை மடக்கிப் பையில் வைத்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தாழ வந்துச்சு என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.